ஜான் தாமஸ்: வேல்ஸ் ஹார்ப்பைக் காப்பாற்றியவரா, ஓரங்கட்டியவரா?

பழைய ரேடியோ (இழையைத் தொடங்கியவர்):

டிசம்பர் வந்தால் எந்த மாலுக்குள் போனாலும் காதில் விழும் "டெக் த ஹால்ஸ்" பாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் இந்த ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டேன். அதன் மெட்டு ஒரு வெல்ஷ் புத்தாண்டுப் பாட்டு, "நோஸ் காலன்". 1740-களில் ஜான் பாரி என்ற கண் தெரியாத வெல்ஷ் ஹார்ப் கலைஞரின் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. இன்று உலகம் பாடுகிற ஆங்கில வரிகள் அச்சானது 1862-ல், "வெல்ஷ் மெலடீஸ்" என்ற தொகுப்பின் 2-ஆம் பாகத்தில். ஆங்கில வரிகள் தாமஸ் ஆலிஃபண்ட், வெல்ஷ் வரிகள் டால்ஹாயர்ன் என்ற புனைபெயரில் எழுதிய ஜான் ஜோன்ஸ், இசை அமைப்பு ஜான் தாமஸ்.

இந்த ஜான் தாமஸ் யார் என்றால்: 1826 மார்ச் 1-ல், தெற்கு வேல்ஸில் பிரிட்ஜெண்ட் ஊரில், ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்தவர். மார்ச் 1 வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் நாள். 1838-ல் ஆபர்கவென்னி ஐஸ்டெத்வோட் போட்டியில் ஒரு ஹார்ப்பையே பரிசாக வென்றார். வயது 12. ஐஸ்டெத்வோட் என்பது வெல்ஷ் கவிதை, இசைத் திருவிழா, போட்டிகளோடு நடக்கும். அப்புறம் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், ஐரோப்பியப் பயணங்கள், விக்டோரியா ராணியின் ஹார்ப் கலைஞர் பதவி. 1913 மார்ச்சில் லண்டனில் காலமானார்.

வாழ்க்கைக் கதையை வாசித்தால் எல்லாம் சுபம். ஆனால் வெல்ஷ் நாட்டார் இசைக்காரர்கள் சிலர் இவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள் போலிருக்கிறது. ஏன்? இங்கே விவரம் தெரிந்தவர்கள் உண்டா?

கார்டிஃப் கதிர்:

சுளிக்கக் காரணம் இருக்கிறது தலைவரே. 1838-ல் அந்தப் பையன் வென்றது மூன்று வரிசை ஹார்ப். ஊரில் "டெலின் டெய்ரெஸ்" என்பார்கள். வெளிப்பக்கம் இரண்டு வரிசையும் ஒரே சுருதியில் இருக்கும், பியானோவின் வெள்ளைக் கட்டைகளை இரண்டு தடவை அடுக்கியது மாதிரி. நடு வரிசையில் கறுப்புக் கட்டைகள். மொத்தம் 100 தந்திக்குப் பக்கமாக வரும். இதை வாசித்துத்தான் அவர் மேலே வந்தார். லண்டன் போனதும் இறக்கி வைத்துவிட்டு பெடல் ஹார்ப் எடுத்தார், அதாவது ஒரே வரிசைத் தந்தி, சுரத்தை மாற்றக் காலில் பெடல். போனால் போகட்டும், அது அவர் பிழைப்பு. ஆனால் 1861-ல் ஆபர்டேர் ஐஸ்டெத்வோடில் அவருக்கு "பென்கெர்த் க்வாலியா" பட்டம் கொடுத்தார்கள். வேல்ஸின் தலைமை இசைஞர் என்று அர்த்தம். நாட்டின் தலைமை இசைஞர் கையில் நாட்டின் ஹார்ப் இல்லை, பாரிஸில் தொழில் தொடங்கிய எரார் கம்பெனியின் கண்டுபிடிப்பு இருந்தது. ஊரில் அடுத்து கற்றுக்கொள்ள வந்த பிள்ளை எதை வாங்கிக் கேட்டிருக்கும்?

அதற்கு மேல் அந்த மெட்டுகளை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். நாலு வரி கிராமத்துப் பாட்டு. அதற்கு முன்னே ஒரு பீடிகை, நடுவே ஆர்பெஜியோ மழை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது), கடைசியில் கைதட்டல் வாங்க ஒரு முத்தாய்ப்பு. விக்டோரியா காலத்து வரவேற்பறையில் சீமாட்டிகள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்க ஏற்ற பதார்த்தம். பாட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

செண்பகம்:

கதிர் அண்ணா, நான் பெடல் ஹார்ப் கற்றுக்கொள்கிறவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கட்சி சேர்ந்துவிட்டாள் என்று சொல்லக்கூடாது.

நீங்கள் சொல்கிற "பதார்த்தம்" ஒன்றை எடுத்துக்கொள்வோம். "பிகைலியோர் க்வெனித் க்வின்", ஆங்கிலத்தில் "வாட்சிங் த வீட்". ஹார்ப் மாணவர்கள் கொஞ்சம் கை வந்ததும் ஆசைப்பட்டு எடுக்கிற உருப்படி. அதில் மெட்டை அவர் எங்கேயும் ஒளித்து வைக்கவில்லை. ஆர்பெஜியோ மேலும் கீழும் ஓடும்போது மெட்டு பெரும்பாலும் நடுவில், கட்டைவிரலில் இருக்கிறது. ஹார்ப்பில் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை, எனவே நாலு விரல்தான். கட்டைவிரல் பாட, மற்ற மூன்றும் தண்ணீர் மாதிரி சுற்றி வரவேண்டும். கட்டைவிரல் கொஞ்சம் அசந்தாலும் நீங்கள் சொன்னது நடக்கும், வெறும் மழைதான் கேட்கும். நன்றாக வாசிப்பவர் கையில் மெட்டு தனியாக நடந்து போவதைக் கேட்கலாம். நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் என்று தெரியவில்லை, குறை இசையமைப்பில் இல்லை என்பது என் கட்சி.

இன்னொன்று. அவர் ஏன் அவ்வளவு ஃபிளாட் (அரைச் சுரம் இறங்கியது) உள்ள சுருதிகளைப் பிடித்து எழுதினார் என்று பியானோக்காரர்கள் திட்டுவார்கள். இரண்டு ஹார்ப்புக்கு எழுதிய "கிராண்ட் டூயட்" ஈ ஃபிளாட் மைனரில் இருக்கிறது. பெடல் ஹார்ப்பில் ஏழு பெடலும் மேலே இருக்கும்போது எல்லா சுரமும் ஃபிளாட். தந்தி முழு நீளத்துக்கு அதிர்கிறது, நாதம் நிறைந்து வரும். பெடலை மிதித்தால் கழுத்துப் பக்கம் உள்ள வட்டு திரும்பித் தந்தியைப் பிடித்துக்கொள்ளும், தந்தி குட்டையாகும், கொஞ்சம் இறுக்கமான குரல். கருவி எங்கே நன்றாகப் பேசுமோ அங்கே எழுதுகிற ஆள் அவர். பியானோவில் உட்கார்ந்து எழுதிவிட்டு ஹார்ப்காரர் தலையில் கட்டுகிறவர் இல்லை.

தாமிரபரணி:

நம் யாழைப் பற்றி யாரும் பேசவில்லையே? வில்யாழ், பேரியாழ், சகோடயாழ் எல்லாம் இதற்கு முன்னோடி இல்லையா?

மட்டுறுத்துநர்:

யாழுக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போடுங்கள் நண்பரே. இங்கே வேல்ஸ் மட்டும்.

மெய்யெழுத்து:

ஒரு ஆள் முடிவால் ஒரு கருவி மாறிப்போனது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காலத்தைப் பாருங்கள்.

ஜான் தாமஸ் பிறப்பதற்கு முன்பே மூன்று வரிசை ஹார்ப்புக்கு அடி விழத் தொடங்கிவிட்டது. அடித்தது லண்டன் அல்ல, வேல்ஸின் சொந்த சேப்பல்கள், அதாவது கிறிஸ்தவ வழிபாட்டுக் கூடங்கள். 18-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மறுமலர்ச்சி கிராமம் கிராமமாகப் போனது. ஹார்ப் என்றால் சாராயக்கடை, சந்தை, ஆட்டம் என்று ஆகிப்போனது. பக்தி வந்த வீட்டில் ஹார்ப் மூலைக்குப் போயிற்று. மிச்சம் வைத்தது யார் தெரியுமா? ஜிப்சிகள். ஆப்ரம் வுட் என்பவரின் வம்சம். வண்டியிலும் கழுதையிலும் ஊர் ஊராகப் போய் விடுதிகளில் வாசித்தார்கள். சேப்பல் அவர்களை என்ன செய்ய முடியும்? அந்த வம்சத்தில் வந்த ஜான் ராபர்ட்ஸ், நியூடவுன் ஊர்க்காரர், "டெலினோர் கம்ரி", அதாவது வேல்ஸின் ஹார்ப்காரர் என்று பெயர். 1889-ல் விக்டோரியா ராணி வடக்கு வேல்ஸுக்கு வந்தபோது பாலே மாளிகையில் பிள்ளைகளோடு சேர்ந்து ராணி முன்னால் வாசித்தார். அரண்மனையின் ஹார்ப்காரர் ஜான் தாமஸ் லண்டனில் இருக்கும்போதே இது நடந்தது.

அப்புறம் 1847. வெல்ஷ் தெரியாத மூன்று ஆங்கிலேயக் கமிஷனர்கள் வேல்ஸின் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்தார்கள். பள்ளி சரியில்லை என்பதோடு நிற்காமல், மொழி பின்னுக்கு இழுக்கிறது, மக்களின் ஒழுக்கம் சரியில்லை என்றும் எழுதி வைத்தார்கள். நீல அட்டை போட்ட அறிக்கை. "நீலப் புத்தகத் துரோகம்" என்று இன்றும் பேர். அந்த அவமானத்துக்குப் பிறகு 15 ஆண்டில், 1862 ஜூலையில், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் ஜான் தாமஸ் முழுக்க முழுக்க வெல்ஷ் இசை நிகழ்ச்சி நடத்தினார். 400 பேர் பாட, 20 ஹார்ப். இசைக்குழுவுக்குப் பதிலாக அத்தனையும் ஹார்ப். ஒழுக்கமில்லாதவர்கள் என்று சொன்ன ஊரின் நடுமையத்தில் போய் நின்று இதைச் செய்வதற்கு, அந்த ஊர் ஒப்புக்கொள்ளும் உடுப்பு வேண்டும். பெடல் ஹார்ப்தான் அந்த உடுப்பு.

கார்டிஃப் கதிர்:

உடுப்பு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி. 😀

அதே காலத்தில் அந்த உடுப்புப் போடாமல் நின்றவரும் உண்டு. லானோவர் சீமாட்டி, அகஸ்டா ஹால். 1802-ல் பிறந்து 1896 வரை இருந்தவர். "க்வெனனென் க்வென்ட்", அதாவது க்வென்ட் நாட்டுத் தேனீ என்பது அவர் ஐஸ்டெத்வோட் பெயர். மாளிகையில் வேலைக்காரர்கள் வெல்ஷ் பேச வேண்டும், வெல்ஷ் உடை உடுத்த வேண்டும். வீட்டோடு ஒரு ஹார்ப் கலைஞர், தாமஸ் க்ரிஃபித், கண் தெரியாதவர். மூன்று வரிசை ஹார்ப் செய்பவர்களை ஆதரித்தார், போட்டிகளுக்கு அந்த ஹார்ப்பையே பரிசாகக் கொடுத்தார். பணமும் பிடிவாதமும் இருந்தால் இன்னொரு வழியும் இருந்தது என்பதற்கு சாட்சி. ஜான் தாமஸுக்கு அந்த வழி தெரியாமல் இல்லை.

பழைய ரேடியோ:

சீமாட்டிக்குப் பணம் இருந்தது, தையல்காரர் மகனுக்கு இல்லை. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

அவருடைய லண்டன் படிப்பே ஒருவர் தயவில் நடந்ததுதான். யார் தெரியுமா? ஏடா லவ்லேஸ். ஆம், கம்ப்யூட்டர் வரலாற்றில் வருகிற அதே ஏடா, கவிஞர் பைரனின் மகள். 1840-ல் பையனை ராயல் அகாடமியில் சேர்க்கச் செலவில் கைகொடுத்தவர் அவர். மூன்று வருடம் கழித்து, 1843-ல், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரம் பற்றி எழுதிய குறிப்புகளில், சுரங்களுக்குள்ள உறவை அந்த இயந்திரம் புரியும் வடிவத்தில் கொடுத்தால் அது இசைகூட அமைக்கலாம் என்று எழுதினார். இயந்திரத்தின் இசையையும் தையல்காரர் மகனின் இசையையும் ஒரே காலத்தில் யோசித்த பெண்மணி. இதை வாசித்ததும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. 1852-ல் ஏடா இறந்தார். அதே 1852-ல்தான் ஜான் தாமஸ் லண்டன் ஃபில்ஹார்மானிக் சொசைட்டியில் தன் ஹார்ப் கான்சர்ட்டோவை வாசித்தார்.

செண்பகம்:

ரேடியோ ஐயா, அந்த 1840-ஐ ஒரு ஹார்ப் மாணவியின் கண்ணால் பாருங்கள். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிய விஷயம் ஒன்று உண்டு, இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று வரிசை ஹார்ப்பை வெல்ஷ்காரர்கள் இடது தோளில் சாய்த்து வாசிப்பார்கள். இடது கை மேல் சுரங்களில் மெட்டு வாசிக்கும், வலது கை கீழே பேஸ். பெடல் ஹார்ப் வலது தோளில். வலது கை மெட்டு, இடது கை பேஸ். 14 வயதுப் பையன் அதுவரை கற்றதை எல்லாம் கை மாற்றிக் கற்க வேண்டும். பியானோவைத் திருப்பிப் போட்டு, கீழ் சுரம் வலது பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படி. கண்ணுக்குக் கூடத் தந்திகள் வேறு பக்கமிருந்து தெரியும். அதோடு காலுக்கு ஏழு பெடல். இடது காலுக்கு டி, சி, பி. வலது காலுக்கு ஈ, எஃப், ஜி, ஏ. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. கை வாசிப்பதற்கு ஒரு நொடி முன்னால் கால் தயாராக இருக்க வேண்டும்.

ஆசிரியர் ஜான் பால்சர் சாட்டர்டன், அப்போதைய பெரிய கை. இத்தனையும் மாற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஃபில்ஹார்மானிக் மேடை ஏறினார் என்றால், அதை நான் சும்மா "பிழைப்பு" என்று விட மாட்டேன். 1871-ல் சாட்டர்டன் இறந்ததும் ராணியின் ஹார்ப்காரர் பதவி மாணவருக்கு வந்தது.

தாமிரபரணி:

சரி, யாழை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். மூன்று வரிசை இருந்தால் எல்லா சுரமும் கையிலேயே இருக்கிறதே, பெடலே வேண்டாமே? அப்புறம் எதற்கு மாற வேண்டும்?

செண்பகம்:

நல்ல கேள்வி. காகிதத்தில் அப்படித்தான். ஆனால் நடு வரிசைச் சுரம் வேண்டுமென்றால் வெளி வரிசையின் இரண்டு தந்திக்கு நடுவே விரலை நுழைத்துத் தொட வேண்டும். பக்கத்துத் தந்தியில் படாமல். மெட்டு ஒரே சுருதியில் ஓடும்வரை சிக்கல் இல்லை, பாட்டு அடிக்கடி சுருதி மாறி, ஷார்ப்பும் ஃபிளாட்டுமாக வேகமாகப் போனால் விரல் திணறும். 19-ஆம் நூற்றாண்டு ஆப்பெரா இசைக்குழுவில் உட்கார வேண்டும் என்றால் அதுதான் அன்றாடச் சாப்பாடு. அவர் லண்டன் ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டர் ஆப்பெரா இசைக்குழுவில் வேலை பார்த்தவர். பெடல் ஹார்ப்பில் தந்தி இழுவையும் அதிகம், பெரிய அரங்கில் கடைசி வரிசை வரை போகும். எரார் இரட்டை நிலை பெடலுக்குக் காப்புரிமை வாங்கியது 1810-ல். இவர் பிறக்கும்போதே அது இசைக்குழுக்களுக்குள் நுழைந்துவிட்டது.

பதிலுக்கு மூன்று வரிசை ஹார்ப் செய்கிற ஒன்றை எங்கள் ஹார்ப்பால் அப்படியே செய்ய முடியாது, கதிர் அண்ணா சந்தோஷப்படட்டும். வெளி வரிசை இரண்டும் ஒரே சுரம் அல்லவா? ஒரு கை இந்தப் பக்கம், மறு கை அந்தப் பக்கம், ஒரே சுரத்தை மாறி மாறித் தட்டலாம். முதல் தந்தியின் நாதம் அறுபடாமலே இரண்டாவது வந்துவிடும். ஒரு மினுமினுப்பு. எங்களுக்கு ஒரே தந்தியில் திரும்பத் தட்டினால் முதல் நாதத்தை நம் விரலே நிறுத்திவிடும். பெடலைச் சாய்த்துப் பக்கத்துத் தந்தியை அதே சுரத்துக்குக் கொண்டுவந்து சமாளிப்போம், எல்லாச் சுரத்துக்கும் அது நடக்காது.

கார்டிஃப் கதிர்:

சந்தோஷம்தான். அந்த மினுமினுப்பைத்தான் சொல்கிறேன். "வெல்ஷ் மெலடீஸ்" தொகுப்பின் மெட்டுகளில் பல அந்தக் கைகளில் வளர்ந்தவை. அதே சுரம் இரட்டித்து வரும் இடங்கள் மெட்டோடு பிறந்தவை. கருவியை மாற்றிவிட்டு மெட்டு மட்டும் போதும் என்றால், மீதி எங்கே போகும்? அந்த இடத்தை நிரப்பத்தான் ஆர்பெஜியோ.

மெய்யெழுத்து:

"நாட்டின் ஹார்ப்" என்று கதிர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போமா?

மூன்று வரிசை ஹார்ப் பிறந்தது இத்தாலியில், 1600-ஐ ஒட்டி. அங்கிருந்து லண்டன் அரண்மனை, அங்கிருந்து வேல்ஸ். 18-ஆம் நூற்றாண்டில்தான் வேல்ஸில் வேரூன்றியது. அதற்கு முன்னால் வெல்ஷ் பாணர்கள் வாசித்தது ஒற்றை வரிசை ஹார்ப். குதிரை முடியில் தந்தி திரித்தார்கள், அடியில் சிறு ஆப்புகள் தந்தியைத் தொட்டுக்கொண்டு நிற்பதால் ரீங்காரமான குரல். அந்த இசையின் எழுத்து மிச்சம் ஒன்று இருக்கிறது, ராபர்ட் ஆப் ஹியூ 1613 வாக்கில் எழுதிய சுவடி. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில். பழைய பாணர் மரபின் உருப்படிகள், எழுத்துக்குறிகளில். அதை எப்படி வாசிப்பது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதை வாசித்தவர்களின் தொடர்ச்சி அறுந்துவிட்டது. அறுத்ததில் பங்கு யாருக்கு? இத்தாலியிலிருந்து வந்த புது ஹார்ப்புக்கும் உண்டு.

ஆக, லானோவர் சீமாட்டி உயிரைக் கொடுத்துக் காத்த தேசியக் கருவி, வேல்ஸுக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டு தாண்டாத வந்தேறி. தவறு என்று சொல்லவில்லை. வந்து, தங்கி, ஊருக்குச் சொந்தமானது. ஜான் தாமஸின் பெடல் ஹார்ப்புக்கும் அதே காலக்கெடுவைக் கொடுங்கள் என்கிறேன்.

கார்டிஃப் கதிர்:

இது நல்ல அடி. ஆனால் ஒரு வித்தியாசம். மூன்று வரிசை ஹார்ப் வந்தபோது அது கிராமத்துக்குள் வந்தது. ஆட்டத்துக்கு வாசித்தார்கள், பெனில்லியன் பாடினார்கள். பெனில்லியன் தெரியாதவர்களுக்கு: ஹார்ப் ஒரு மெட்டைத் தொடங்கும். பாடுகிறவர் சில தாளச் சுற்று கழித்து வேறொரு மெட்டில் கவிதையைச் சொல்லத் தொடங்குவார். இரண்டும் தனித்தனியே போய் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அது வீட்டுக் கூடத்தில் நடக்கிற விளையாட்டு. பெடல் ஹார்ப் வந்தபோது இசை கூடத்திலிருந்து மேடைக்குப் போனது. ஆள் நடுவில் உட்கார, ஊர் எதிரே உட்கார்ந்து கேட்டது. கருவியை விட எனக்கு அந்த மாற்றம்தான் உறுத்துகிறது.

செண்பகம்:

பெனில்லியன் பாடத் தெரிந்த பெடல் ஹார்ப்காரர் ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தலாமா? ஓசியன் எல்லிஸ். 1928-ல் ஃபைனன்க்ரோயு என்ற ஊரில் ஒரு மெதடிஸ்ட் பாதிரியார் மகனாகப் பிறந்தார். பாருங்கள், சேப்பல் வீட்டிலேயே ஹார்ப். அப்பா காலத்துக்குள் அந்தச் சண்டை முடிந்துவிட்டது. ராயல் அகாடமியில் படித்தார், பிறகு அங்கேயே முப்பது வருடம் பேராசிரியர். லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவில் ஹார்ப். பாடவும் பாடுவார், தானே ஹார்ப் வாசித்துக்கொண்டு.

ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1969-ல் "ஹார்ப் சூட்" எழுதியது இவருக்காக. அதன் கடைசிப் பகுதி "செயின்ட் டெனியோ" என்ற வெல்ஷ் சேப்பல் பாட்டின் மெட்டில் அமைந்த மாறுபாடுகள், ஓசியனின் ஊருக்கு ஒரு வணக்கம். 1973-ல் பிரிட்டனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த பிறகு பியானோ வாசிக்க முடியாமல் போனது. பாடகர் பீட்டர் பியர்ஸுடன் அதுவரை பிரிட்டன் உட்கார்ந்த இடத்தில் ஓசியன் ஹார்ப்போடு உட்கார்ந்தார். அடுத்த வருடம் அந்த இருவருக்காகவே பிரிட்டன் ஐந்தாவது "கேன்டிக்கிள்" எழுதினார், குரலும் ஹார்ப்பும் மட்டும். ஜான் தாமஸ் போட்ட பாதை இல்லாமல் இந்த ஆள் அங்கே போயிருக்க முடியாது. ஹார்ப் பற்றி வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் வரலாறும் எழுதினார். 2021 ஜனவரியில் காலமானார், 92 வயது.

பழைய ரேடியோ:

ஓசியனுக்குத் தனி இழையே தொடங்கலாம். மட்டுறுத்துநர் கவனிக்க.

இன்னொரு விவரம் கிடைத்தது. ஜான் தாமஸின் தம்பி தாமஸ் தாமஸும் ஹார்ப் கலைஞர். தாமஸ் தாமஸ் என்று சுவரொட்டி அடித்தால் அச்சுப்பிழை என்பார்கள் என்றோ என்னவோ, "ஆப்டோமஸ்" என்று பெயரை ஒட்டிக்கொண்டார். 1859-ல் ஹார்ப்பின் வரலாறு ஒன்று எழுதினார். அவரும் 1913-ல்தான் இறந்தார், அண்ணன் போன அதே வருடம்.

மெய்யெழுத்து:

"வாட்சிங் த வீட்" பற்றி செண்பகம் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். அந்த மெட்டு 1844-ல் மரியா ஜேன் வில்லியம்ஸ் வெளியிட்ட க்வென்ட், மோர்கன்வ்க் பாட்டுத் தொகுப்பில் வந்தது. 1837 ஆபர்கவென்னி ஐஸ்டெத்வோடில் பரிசு வாங்கிய சேகரிப்பு அது. அடுத்த வருடம் அதே ஊரில்தான் நம் பையன் ஹார்ப் வென்றார்.

பாட்டோடு ஒட்டிய கதை, கெவ்ன் அத்வா வீட்டுப் பெண் ஆன் தாமஸும், கூரை வேய்கிற வில் ஹாப்கினும் காதலித்தது. அம்மா வசதியான வக்கீல் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தாள். பெண் புத்தி பேதலித்து 1727-ல் இறந்தாள். ஆன் வாழ்ந்து இறந்தது பதிவில் இருக்கிறது, காதல் கதை பின்னால் வளர்ந்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கோதுமையைக் காவல் காத்தேன், வேறொருவன் அறுத்துப் போனான் என்கிற பாட்டு. இது நடந்ததாகச் சொல்லும் லாங்கின்விட் கிராமம் பிரிட்ஜெண்டுக்கு வடக்கே, நடந்தே போகிற தூரம். ஜான் தாமஸுக்கு அது புத்தகத்துப் பாட்டு அல்ல, பக்கத்து ஊர்ப் பாட்டு. "வரவேற்பறைப் பதார்த்தம்" என்று ஒதுக்கும் முன் இதை நினைவில் வைக்கலாம்.

கார்டிஃப் கதிர்:

அது தெரிந்த கதைதான். தெரிந்ததால்தான் உறுத்தல். பக்கத்து ஊர்ப் பாட்டைப் பக்கத்து ஊர்க்காரன் வாசிப்பது போல வாசிக்காமல் விட்டாரே என்று.

இன்னொரு புகாரும் வைக்கிறேன், பதில் சொல்லுங்கள். 1883-ல் வெல்ஷ் மாணவர்களுக்காக நிரந்தர உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார், நிதி திரட்டினார். நல்ல மனசு. ஆனால் எங்கே? லண்டன் ராயல் அகாடமியில். திறமையான வெல்ஷ் பிள்ளை ஒவ்வொன்றும் ரயிலேறி லண்டன் போய், தோள் மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று நிரந்தர ஏற்பாடு.

மெய்யெழுத்து:

வேறு எங்கே அனுப்புவது? வேல்ஸில் அப்போது இசைக் கல்லூரி கிடையாது. அபரிஸ்ட்வித் கல்லூரியில் 1874-ல் ஜோசப் பாரியை இசைப் பேராசிரியராக வைத்தார்கள், 1880-ல் அந்த நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். கார்டிஃபில் இன்று இருக்கிற ராயல் வெல்ஷ் இசைக் கல்லூரி தொடங்கியது 1949-ல். ஜான் தாமஸ் இறந்து 36 வருடம் கழித்து. 1883-ல் இருந்த ஒரே கதவைத் திறந்து வைத்தார்.

கார்டிஃப் கதிர்:

அந்தப் பணத்தோடு போய் அபரிஸ்ட்வித் நாற்காலியைக் காப்பாற்றியிருக்கலாம். என் கட்சி மாறவில்லை. ஆனால் ஒரே கதவு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தாமிரபரணி:

மூன்று வரிசை ஹார்ப் கடைசியில் என்ன ஆயிற்று? செத்துப்போனதா?

கார்டிஃப் கதிர்:

சாகவில்லை தோழரே. நூலிழையில் தப்பியது. தப்ப வைத்தவர்களில் முதல் பெயர் நான்சி ரிச்சர்ட்ஸ், "டெலினோரெஸ் மால்ட்வின்", அதாவது மால்ட்வின் வட்டாரத்தின் ஹார்ப் பெண்மணி. 1888-ல் பிறந்தவர். ஜிப்சிகளின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். 1908, 1909, 1910 என்று மூன்று வருடம் தொடர்ந்து தேசிய ஐஸ்டெத்வோடில் மூன்று வரிசை ஹார்ப் போட்டியில் வென்றார். 1979 வரை இருந்தார், இடது தோளில் வாசித்துக்கொண்டே. அவரிடம் கற்றவர் லியோ ரிதெர்ச். அதற்குப் பிறகு ராபின் ஹ்யூ போவென், மூன்று வரிசை ஹார்ப்பையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இப்போது செரிஸ் ஹஃபானா மாதிரி இளையவர்கள் அதில் புதுப் பாட்டே செய்கிறார்கள்.

செண்பகம்:

ராணியின் ஹார்ப்காரர் பதவியும் திரும்பி வந்தது, தெரியுமா? ஜான் தாமஸுக்குப் பிறகு யாருக்கும் கொடுக்காமல் கிடந்தது. 2000-ல் அப்போதைய வேல்ஸ் இளவரசர் சார்லஸ் அதை மீண்டும் ஏற்படுத்தி கேட்ரின் ஃபின்ச்சுக்குக் கொடுத்தார். அவர் பிறகு செனெகல் நாட்டின் கோரா (மேற்கு ஆப்பிரிக்கத் தந்திக் கருவி) கலைஞர் செக்கு கெய்ட்டாவோடு சேர்ந்து வாசித்ததைக் கேட்காதவர்கள் உடனே கேளுங்கள். ஹார்ப் எது கோரா எது என்று சில இடங்களில் பிரிக்கவே முடியாது. சார்லஸ் மன்னரின் 2023 முடிசூட்டு விழாவில் வாசித்தது அதே பதவியில் இருந்த ஆலிஸ் ஹ்யூஸ்.

பழைய ரேடியோ:

சரி, நான் ஒன்றும் கேட்காமல் விவாதம் மட்டும் படித்தேன் என்று இருக்கக்கூடாது. எதிலிருந்து தொடங்கட்டும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

செண்பகம்:

முதலில் "வாட்சிங் த வீட்", ஹெட்ஃபோனில், கட்டைவிரலைத் தேடிக்கொண்டு. அப்புறம் "த மின்ஸ்ட்ரல்ஸ் அட்யூ டு ஹிஸ் நேட்டிவ் லேண்ட்", அதில்தான் அவர் ஆள் எப்படி என்று தெரியும், கொஞ்சம் நாடகத்தனம், நிறைய ஏக்கம். ஈ ஃபிளாட் மைனர் டூயட்டைக் கடைசியில் வையுங்கள். நான்கு கை, பதினாலு பெடல்.

மெய்யெழுத்து:

பாட்டுப் பக்கம் போக வேண்டுமென்றால் 1863-ல் ஸ்வான்சீ ஐஸ்டெத்வோடுக்கு எழுதிய "லெவெலின்", பாடகர்களுக்கான நீண்ட இசைப் படைப்பு. அவர் ஹார்ப்காரர் மட்டுமல்ல என்று காட்டும். ஆனால் முழுசாகக் கேட்கப் பொறுமை வேண்டும், எனக்கே பாதியில் கண் சொக்கியது.

கார்டிஃப் கதிர்:

அதெல்லாம் கேளுங்கள். இடையில் நான்சி ரிச்சர்ட்ஸின் பழைய ஒலிப்பதிவு ஒன்றையும் போடுங்கள், கொஞ்சம் இரைச்சல் இருக்கும். ஒரே மெட்டு இருவரிடமும் கிடைத்தால் அடுத்தடுத்து கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். நான் எந்தப் பக்கம் என்று தெரியும், அதனால் முதலில் எதைக் கேட்பது என்று நான் சொல்லப் போவதில்லை.

பழைய ரேடியோ:

"லுவின் ஒன்", அதாவது "த ஆஷ் க்ரோவ்", தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வாசித்த மெட்டு, ஜான் தாமஸ் எழுதியதை வேறு யாரோ வாசித்த பதிவு. ராத்திரி வீடு அடங்கியதும் கேட்டுவிட்டு எழுதுகிறேன். இதற்கிடையில் யாராவது ஓசியன் எல்லிஸ் இழையைத் தொடங்குங்கள், அங்கே கேட்க எனக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன.